ஃபாஸ்ட் சார்ஜர் குறைந்த வழிகளில் மின்சாரக் கார்ப் பயணம்: நெல்லைச் சீமையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் மதுரையில் ஒரு காதுகுத்து. அன்று இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை அம்மாவுடன் நெல்லைக்குத் திரும்பினேன். கிளம்பும்போது பேட்டரியில் 60 சதவீதம் இருந்தது. மதுரையிலேயே ஏற்றியிருக்கலாம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சார்ஜர் இருப்பது தெரியும், வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அங்கே போய்ச் சேர்ந்தபோது 14 சதவீதம். சார்ஜரின் திரை கறுத்துக் கிடந்தது. காவலாளி வந்து, “இன்னைக்குக் கரன்ட் கிடையாது அண்ணாச்சி, சப்ஸ்டேஷன்ல வேல நடக்கு. ரெண்டு மணி ஆவும்” என்றார். அப்போது மணி பத்தரை. மிச்சமிருந்த 14 சதவீதத்துக்கு 33 கிலோமீட்டர் ஓடும். வீடு 55 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வேப்பமரத்தடியில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சர்க்கரை மாத்திரை போட வேண்டிய அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் முறையையே மாற்றிக்கொண்டேன். “அடுத்த சார்ஜர் வரை போய்விடுமா?” என்று இப்போது கேட்பதில்லை. “அந்தச் சார்ஜர் வேலை செய்யாவிட்டால், அதற்கு அடுத்ததுவரை போய்விடுமா?” என்றுதான் கேட்கிறேன். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதற்காகத்தான்.

முதல் படி: உங்கள் காரின் கணக்கை நீங்களே எடுங்கள்

கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் ஆய்வுக்கூடச் சோதனையில் எடுத்தது. நாலு வழிச் சாலையில் குடும்பத்தோடு, ஏசி போட்டுக்கொண்டு ஓட்டும்போது அதில் 65 முதல் 75 சதவீதம்தான் கைக்கு வரும். அதைவிட, பேட்டரியை யூனிட்டில் நினைத்துப் பழகுங்கள். வீட்டுக் கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். 40 யூனிட் பேட்டரி, ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் முழு பேட்டரிக்கு 240. யூனிட் கணக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் மனக்கணக்குதான்.

அந்த ‘ஒரு யூனிட்டுக்கு எத்தனை’ என்பதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப் பொழுது போதும். நெல்லையிலிருந்து கோவில்பட்டி போய்த் திரும்புங்கள், மொத்தம் 110 கிலோமீட்டர்போல. வழக்கமான வேகம், வழக்கமான ஆட்கள், வழக்கமான ஏசி. போய்த் திரும்பி எடுப்பதால் காற்றும் மேடு பள்ளமும் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். இரண்டு வேகத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. என் காரில் 80-இல் போனால் யூனிட்டுக்கு 7, 100-இல் போனால் ஐந்தரை. கோவில்பட்டிக்கு 100-இல் போனால் மிச்சமாவது எட்டு நிமிடம். ஆனால் 32 யூனிட் செலவழிக்கும் ஒரு பயணத்தில் இந்த இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் 48 கிலோமீட்டர். பல இடங்களில் அந்த 48 கிலோமீட்டரில்தான் அடுத்த சார்ஜர் இருக்கும். அதனால் சார்ஜர் அடர்த்தியாக உள்ள வழியில் உங்கள் விருப்பம்போல ஓட்டுங்கள். இல்லாத வழியில் 80.

இரண்டாம் படி: எந்த கன், எவ்வளவு வேகம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இப்போது விற்கும் பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு ஃபாஸ்ட் சார்ஜர் என்றால் சி.சி.எஸ். 2 வகை கன், அதாவது காரில் சொருகும் பிளக். ஆப்பில் காட்டும் எல்லா நிலையமும் அது அல்ல. பழைய வகை 15 கிலோவாட் (மணிக்கு 15 யூனிட் ஏற்றும்) சார்ஜர் பெட்டிகளும், டைப் 2 என்ற மெது சார்ஜர்களும், வெறும் மூன்று பின் பாயின்ட்டுகளும் அதே வரைபடத்தில்தான் வரும். வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். சில சின்னக் கார்களில் ஃபாஸ்ட் சார்ஜ் வசதியே கிடையாது. அந்தக் கார்களுக்கு இந்த வழிகாட்டியின் கடைசிப் பகுதிதான் முதன்மையானது.

இன்னொன்று, 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு கன் உள்ள பெட்டியில் இரண்டு கார் நின்றால் பல இடங்களில் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடும். உங்கள் கார் தாங்கும் வேகத்துக்கு மேல் எந்தப் பெட்டியும் ஏற்றாது. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே திட்டம் போடும்போது சராசரி 30 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஏறினால் லாபம்.

மூன்றாம் படி: வரைபடத்தில் ஓட்டைகளைக் குறியுங்கள்

பலர் வரைபடத்தில் சார்ஜர்களைத் தேடுகிறார்கள். நான் இல்லாத இடங்களை முதலில் குறிக்கிறேன். நம் பக்கத்தில் சார்ஜர்கள் பெரும்பாலும் நாலு வழிச் சாலையை ஒட்டித்தான் கூடியிருக்கின்றன: மதுரையிலிருந்து விருதுநகர், கோவில்பட்டி, நெல்லை, வள்ளியூர் வழியாக நாகர்கோவில் வரை. அதைவிட்டு மேற்கே மலையடிவாரத்துக்கோ கிழக்கே கடற்கரைக்கோ திரும்பினால் இடைவெளி விழுந்துவிடுகிறது. பாபநாசம், களக்காடு, திருக்குறுங்குடி ஒரு பக்கம். உவரி, கூடங்குளம், சாத்தான்குளத்துச் செம்மணல் தேரி மறுபக்கம். நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று மத்திய மின்துறை 2018-லேயே வழிகாட்டு நெறிமுறை போட்டது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தார் மின்சாரக் காரே தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கார் நம் ஊரில் உருவாகிறது. அந்த 25 கிலோமீட்டர் உள்சாலைகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

நிலையங்களின் பெயர்ப் பட்டியல் எதையும் இங்கே தரவில்லை. புதிது வருவதும் பழையது மூடுவதும் மாதாமாதம் நடக்கிறது. பட்டியலை நம்பிக் கிளம்புகிறவர்தான் சிக்குகிறார். பயணத்துக்கு முதல் நாள் பிளக்‌ஷேர் போன்ற பொது வரைபடத்தையும், அந்தந்த நிறுவனத்தின் ஆப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நிலையம் ‘இருக்கிறதா’ என்பதைவிட அங்கே கடைசியாக ஒருவர் எப்போது சார்ஜ் போட்டார் என்பதுதான் செய்தி. மூன்று நாளுக்குள் யாரோ போட்டிருந்தால் நம்பலாம். மூன்று மாதம் யாரும் போடவில்லை என்றால் அது இல்லாததாகவே கணக்கு வையுங்கள். ஒரே பெட்டி நிற்கும் இடத்தைவிட, இருபது நிமிடம் தள்ளியிருந்தாலும் இரண்டு மூன்று பெட்டி உள்ள இடமே மேல்.

அப்புறம் போன் போடுங்கள். ஆப் கம்பெனியின் உதவி எண்ணைவிட, சார்ஜர் நிற்கும் ஓட்டலின் எண் பயன்படும். “சார்ஜர் வேலை செய்யுதா?” என்று கேட்டால் செய்யுது என்றுதான் சொல்வார்கள். “இன்னைக்குக் காலையில ஏதாவது கார் சார்ஜ் போட்டுச்சா அண்ணாச்சி?” என்று கேளுங்கள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள்.

நான்காம் படி: இரண்டு சார்ஜர் கணக்கு

ஒரு நீண்ட பயணத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம். நெல்லையிலிருந்து சென்னை, 620 கிலோமீட்டர் சொச்சம். 40 யூனிட் பேட்டரி, யூனிட்டுக்கு 6.

வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக் கிளம்புகிறீர்கள். மதுரை 160 கிலோமீட்டர், அதாவது 27 யூனிட். மதுரையில் மிச்சம் 13 யூனிட். அதில் 4 யூனிட்டை, அதாவது 10 சதவீதத்தை, எப்போதும் தொடாத கையிருப்பாக ஒதுக்குங்கள். மீதி 9 யூனிட்டுக்கு 54 கிலோமீட்டர். மதுரைச் சார்ஜர் கைவிட்டாலும் அந்த 54-க்குள் இன்னொன்று இருக்கிறதா? மதுரை பெரிய ஊர், ஊருக்குள்ளேயே வேறு கிடைக்கும், மேலூர்ப் பக்கமும் போகலாம். இந்தக் கட்டம் பாஸ்.

மதுரையில் 80 சதவீதம் வரை ஏற்ற 19 யூனிட் வேண்டும். 30 கிலோவாட் என்றால் 38 நிமிடம். ஒரு சாப்பாட்டு நேரம். திருச்சி 135 கிலோமீட்டர், 22.5 யூனிட் செலவு, மிச்சம் 9.5. கையிருப்பு போக 5.5 யூனிட், 33 கிலோமீட்டர். திருச்சியும் பெரிய ஊர், இதுவும் பாஸ்.

அடுத்ததில்தான் கவனம் வேண்டும். திருச்சியிலிருந்து விழுப்புரம் 165 கிலோமீட்டர். 80 சதவீதத்தோடு கிளம்பினால் விழுப்புரத்தில் மிச்சம் 4.5 யூனிட்தான். போய்ச் சேரும், ஆனால் அங்கே பெட்டி செத்திருந்தால் நடுரோடு. திருச்சியில் 100 வரை ஏற்றலாமே என்றால், கடைசி 20 சதவீதம் ஏற முந்தின 40 சதவீதத்துக்கு ஆன நேரம் ஆகிவிடும், பின்னால் வரிசையும் நிற்கும். அதைவிட உளுந்தூர்பேட்டையில் ஒரு நிறுத்தம், திண்டிவனம் பக்கம் சின்னதாக இன்னொன்று என்று பிரிப்பதே சரி. நீண்ட நிறுத்தம் இரண்டைவிடக் குறுகிய நிறுத்தம் நான்கு, நேரத்திலும் நிம்மதியிலும் மேல். பெட்ரோல் காரை விட மொத்தம் இரண்டு மணி நேரம் கூடும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: போய்ச் சேரும்போது மிச்சம், கையிருப்பு, மாற்றுச் சார்ஜர், அதன் தூரம். கணக்கு ஒரு கட்டத்தில் இடித்தாலும் அந்தக் கட்டத்தை இரண்டாக உடையுங்கள்.

ஐந்தாம் படி: நாள் பார்த்துக் கிளம்புங்கள்

என்னை மாட்டிவிட்டது இந்தப் படிதான். நம் மாநிலத்தில் மின்வாரியம் துணைமின் நிலையங்களில் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்கோ அதற்கு மேலோ கொடுப்பார்கள். ‘நாளை மின்தடை’ என்று ஊர்ப் பெயர்களோடு முந்தின நாளே நாளிதழில் வந்துவிடும். எங்கள் பயணத்தன்று நாங்கள் காரை நிறுத்தப்போகும் ஊரும் அதில் இருந்தது. நான் பார்க்கவில்லை. ஓட்டலுக்கு ஜெனரேட்டர் ஓடும், விளக்கும் மின்விசிறியும் சுற்றும், ஆனால் 60 கிலோவாட் சார்ஜரை அதில் ஓட்டமாட்டார்கள். நீங்கள் நிறுத்தப்போகும் ஊரும் மாற்று ஊரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து திருவிழா. கந்த சஷ்டி, வைகாசி விசாகம் சமயத்தில் திருச்செந்தூருக்குள் சார்ஜ் போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டிவரும். நெல்லையிலிருந்து போக வர 120 கிலோமீட்டர்தான், வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போய்த் திரும்பிவிடலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்து ஊரே கிளம்பி வரும் இரவில், பகல் கணக்கோடு வரிசைக்கென்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழி சபரிமலை வண்டிகளால் நிரம்பும். மலை தாண்டியதும் வேறு மாநிலம், ஆப்புகளும் மாறும்; தென்காசியிலேயே இறக்கிப் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குள் சிக்னல் கிடைக்காது.

ஐப்பசி முதல் மார்கழி வரை அடைமழைக் காலத்தில் கையிருப்பை 10 சதவீதத்திலிருந்து 30-க்கு ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி, சாலைகள் அறுந்ததை நாம் மறக்கவில்லை. அப்படி இல்லாவிட்டாலும் ஒரு ஓடைப் பாலம் மூழ்கினால் 40 கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியதாகும்.

ஆறாம் படி: காற்றையும் மலையையும் கணக்கில் சேருங்கள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊர்க் காருக்கும் பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் புகுந்து அடிப்பதால்தான் முப்பந்தலிலும் தென்காசிப் பக்கமும் அத்தனை காற்றாலைகள். அந்தக் காற்று உங்கள் காரையும் தள்ளும். எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது 80-இல் போனால், காருக்கு அது 110-இல் போவதற்குச் சமம். காற்றின் தடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 60-க்குக் குறைத்தால் காருக்கு அது 90 மாதிரி. ஆரல்வாய்மொழியில் இருபது கிலோமீட்டர்தான், ஒரு யூனிட் அதிகம் போகும், பரவாயில்லை. ஆனால் நெல்லையிலிருந்து தென்காசிக்கு 55 கிலோமீட்டரும் மேற்கு நோக்கியே ஓடுகிறது. மூன்று யூனிட் வரை கூடுதலாகப் போகலாம்.

குற்றால சீசனும் இந்தக் காற்றும் ஒன்றாகவே வருகின்றன. போகும்போது சதவீதம் சரசரவென இறங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள்; திரும்பும்போது அதே காற்று முதுகில் இருந்து பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். 30 யூனிட் காருக்கு நான் சொல்லும் சுற்று இது: நெல்லை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம், கடையம், தென்காசி, குற்றாலம், ஆலங்குளம் வழியாக மறுபடி நெல்லை. 155 கிலோமீட்டர்போல. யூனிட்டுக்கு ஆறரை என்றால் 24 யூனிட். மிச்சம் 20 சதவீதம். எதிர்காற்றை முதல் பாதியில், பேட்டரி நிறைந்திருக்கும்போதே சந்தித்துவிடுகிறோம். சந்தேகம் வந்தால் தென்காசியில் பத்து நிமிடம் போட்டுக்கொள்ளலாம். இதையே எதிர்த்திசையில் சுற்றினால் பாபநாசத்தில் நிற்கும்போது பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும், பக்கத்தில் சார்ஜரும் குறைவு.

குற்றாலத்துக்கு மலை ஏற வேண்டாம், அடிவாரத்திலேயே அருவி. உண்மையான ஏற்றத்துக்குக் கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். வத்தலகுண்டிலிருந்து மேலே 1,800 மீட்டர் ஏற, ஆட்களோடு இரண்டு டன்னை நெருங்கும் காருக்கு வழக்கமான செலவுக்கு மேல் 10 யூனிட் வேண்டும். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பி வரும், பேட்டரியில் இடமிருந்தால். மேலே விடுதியில் ராத்திரி முழுக்க 100 வரை ஏற்றிவிட்டு இறங்கினால் அந்தக் கரன்ட் போக இடமில்லை, பிரேக்தான் சூடாகும். 80-இல் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

ஏழாம் படி: சார்ஜர் முன்னால் நிற்கும்போது

காரை நிறுத்தியதும் திரையைப் பாருங்கள், சிவப்பு அவசர பட்டன் அமுங்கியிருக்கிறதா பாருங்கள். யாரோ குழந்தை அமுக்கிவிட்டுப் போயிருக்கும். லேசாகத் திருகினால் வெளியே வந்து பெட்டி உயிர் பெறும். கன் கனமானது, தொங்கினால் பின் சரியாகப் பொருந்தாது. பிழை வந்தால் கன்னை எடுத்து, காரை அணைத்துப் பூட்டித் திறந்து, கையால் தாங்கிப் பிடித்தபடி மறுபடி போடுங்கள். பூட்டு விழும் சத்தம் கேட்டபின் கையை எடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். குறைந்தது மூன்று நிறுவனங்களின் ஆப்பில் முந்நூறு நானூறு ரூபாய் போட்டு வையுங்கள். யூனிட் விலையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டி வந்து போட்டால் பேட்டரி சூட்டில் மெதுவாகத்தான் ஏறும். கடைசி இருபது கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வாருங்கள். எல்லாம் தவறி வண்டி நின்றே போனால், கயிறு கட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டார் கரன்ட் உண்டாக்கிக் கெட்டுப்போகும். வண்டியை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரிதான் வேண்டும்; காப்பீட்டுக்காரரிடம் முதலிலேயே அதைக் கேட்டு வையுங்கள்.

எட்டாம் படி: ஊரில் இருக்கும் 15 ஆம்ப்ஸ் பாயின்ட்

நெல்லைச் சீமையில் மிகப் பெரிய சார்ஜர் வலைப்பின்னல் சொந்தக்காரர் வீடுகள்தான். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம். கோயில் தேரிக்காட்டிலோ குளத்தங்கரையிலோ இருக்கும், இருபது கிலோமீட்டர் சுற்றளவில் ஃபாஸ்ட் சார்ஜர் இருக்காது. ஆனால் பக்கத்து ஊரில் சித்தப்பா வீடு இருக்கும். ராத்திரி 9 மணிக்குச் சொருகிக் காலை 6 மணிக்கு எடுத்தால் 24 யூனிட்போல ஏறிவிடும். 140 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும்.

அதற்கு வீட்டில் எர்த் சரியாக இருக்க வேண்டும். பல கார்களின் சார்ஜர் எர்த் இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது. பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். பாயின்ட் ஃபிரிஜ்ஜுக்கோ மோட்டாருக்கோ போட்ட பெரிய 15 ஆம்ப்ஸாக இருக்கட்டும். கடையில் விற்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், மணிக்கணக்கில் ஓடும் இந்தச் சுமைக்கு அது உருகிவிடும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி 4 ஸ்கொயர் எம்எம் ஒயரில் பத்து மீட்டருக்கு ஒன்று செய்து டிக்கியில் போட்டு வையுங்கள். சொருகி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் கரன்ட் அளவைக் குறையுங்கள்.

தோட்டத்துப் பம்புசெட் இணைப்பில் மட்டும் போடாதீர்கள். விவசாயத்துக்கு இலவசமாகத் தரும் மின்சாரம் அது. வேறு வேலைக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அபராதம் விழுவது சித்தப்பாவுக்குத்தான். வீட்டு இணைப்பில் எடுத்த யூனிட்டுக்குக் காசு கொடுத்தால் வாங்கமாட்டார். பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். விடுதியில் தங்கினால் அறை பதிவு செய்யும்போதே பார்க்கிங் பக்கம் பாயின்ட் உண்டா, யூனிட்டுக்கு என்ன வாங்குவார்கள் என்று பேசி முடித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்து எழுதுங்கள்: எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை யூனிட், காற்று எப்படி, எந்தப் பெட்டி ஓடியது, எது ஓடவில்லை. ஆப்பிலும் அதே நிலையத்தின் கீழே ஒரு வரி போடுங்கள். கோவில்பட்டிப் பக்கம் அன்று இரண்டு மணிக்குக் கரன்ட் வந்து கார் ஏறத் தொடங்கியதும் நான் போட்ட வரி, ‘இன்று காலை மின்தடை, 2 மணிக்குச் சரியானது’. சாயங்காலம் அதைப் பார்த்த ஒருவர், கயத்தாறுக்கு முன்னாலேயே திரும்பிவிட இருந்ததாகவும், படித்துவிட்டு வந்து போட்டுக்கொண்டதாகவும் பதில் எழுதியிருந்தார்.